ஏழாம் கண்ணி

காலையில் எழுந்ததும் கேத்தலில் தண்ணீர் வைப்பேன். சுபஹ் தொழுது முடிக்கையில் அது கொதித்து நின்றிருக்கும். பாதியைப் பிளாஸ்கில் ஊற்றுவேன். மீதியில் பிள்ளையின் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். பால்மாவைக் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். றிப்னா எழும்பி அழுவதற்கு முன் இவ்வளவும் முடிந்துவிடும். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு, வேலியில் ஆள் நுழைய விட்ட கடப்பால் மாமியின் வளவுக்குப் போவேன். மாமியின் இளைய மகள் அஸ்பியா கை நீட்டுவாள். பிள்ளை தாவிவிடும். நான் திரும்பி வந்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போவேன். அங்கே நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பது என் வேலை.

இந்த ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை. பார்ப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் இருக்கும் வீடு என் மனைவி ஹிமாயாவுடையது. நிந்தவூரில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். ஆண் உடுப்புப் பையோடு வந்து சேருவான். அவள் மௌத்தான பிறகு நான் அந்தப் பையை எடுத்துக்கொண்டு என் உம்மாவின் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் மூன்று வரிகள்.

இன்று நிலா இரண்டு.
எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹிமாயா கடைசியாகச் சொன்னது இது என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாமி இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டினார். சொல்லும்போது கடைசி வரியில் அவரும் கண்ணை மூடிக்கொள்வார். தன் மகள் பயமில்லாமல், வலியில்லாமல், நிலாவைப் பார்த்தபடி போனாள் என்பது அவருடைய ஆறுதல்.

இப்போது இரண்டு விஷயங்கள் நடக்க இருக்கின்றன. ஒன்று, எங்கள் நண்பன் சுஜிந்தன் அந்த வரிகள் வரும் கவிதைத் தொடரைப் புத்தகமாக அச்சிடுகிறான். அட்டையில் மேலே உள்ள மூன்று வரிகளும் கீழே ஹிமாயாவின் பெயரும் வரும். அதற்கு என்னிடம் முன்னுரை கேட்டிருக்கிறான். மற்றது, அஸ்பியாவை எனக்கு நிக்காஹ் செய்து வைக்க மாமி முடிவு செய்திருக்கிறார். பிள்ளைக்கும் அது நல்லது, எனக்கும் நல்லது என்கிறார். போன வாரம் எனக்குச் சோறு போட்டுவிட்டு அவர் சொன்னார்.

“என்ட புள்ள கடைசி வார்த்தைய உங்களுக்கிட்டத்தான் தந்திட்டுப் போயிருக்கா, மகன். அப்பிடி ஒரு மனிசன நாங்க வெளிய விட ஏலுமா?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இது அந்த முன்னுரை. சுஜிந்தனுக்கும் மாமிக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பேன். மாமிக்கு அஸ்பியா வாசித்துக் காட்டட்டும்.

முதலில் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் நண்பர்கள் கூடியிருந்து ஒரு கவிதையைச் சேர்ந்து எழுதும் வழக்கம் இருக்கிறது. ரென்கு என்பார்கள். ஒருவர் மூன்று வரி சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் இரண்டு வரி. பிறகு மூன்று, பிறகு இரண்டு. நாங்கள் ஒவ்வொன்றையும் கண்ணி என்று சொன்னோம். ஒரு கண்ணி தனக்கு முந்தியதோடு மட்டும் சேர வேண்டும். அதற்கும் முந்தியதை நினைக்கக்கூடாது, அதன் பக்கம் திரும்பக்கூடாது. நிலாவுக்கு ஓர் இடம், பூவுக்கு ஓர் இடம் உண்டு. நிலா இடம் பெரிய மரியாதை. யார் எதை எழுதுவது என்று சொல்லவும், வந்த கண்ணியை ஏற்கவும், திருப்பவும், திருத்தவும் ஒருவர் இருப்பார். அவரை நடத்துநர் என்று வைத்துக்கொண்டோம். நடத்துநர் திருத்தினால் எழுதியவர் மறுப்பதில்லை.

மின்வெட்டுக் காலத்தில் சுஜிந்தன் இதை எங்கிருந்தோ படித்துக்கொண்டு வந்தான். அவன் காரைதீவுக்காரன், வங்கியில் வேலை. நாங்கள் எல்லோரும் ஒலுவில் கம்பஸில் படித்தவர்கள். சுஜிந்தனும் நானும் ஒரு வருடம். ஹிமாயாவும் அவளுடைய சிநேகிதி ஜெனூபாவும் எங்களுக்கு இளையவர்கள். ஜெனூபா இப்போது சாய்ந்தமருதில் ஆசிரியை. நான்கு பேர் போதும். விதிகளை நான்தான் முழுதாகப் படித்தேன். அதனால் நடத்துநர் ஆனேன்.

எனக்குக் கவிதை வராது. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. என் கண்ணியைக் கேட்டுவிட்டு சுஜிந்தன் “சரி மச்சான், போவம்” என்பான். அதற்கு மேல் ஒருபோதும் சொன்னதில்லை. ஹிமாயாவின் கண்ணி என்றால் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்தச் சத்தமின்மை எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவளுடைய கண்ணிகளை நான் திருத்துவேன். பெரும்பாலும் தேவையில்லாமல். ஒருமுறை அவள், ‘இந்த வீட்டில் என் சத்தம் எங்கே போகிறது’ என்று ஒரு வரி தந்தாள். நான் அதைக் கிணறு பற்றிய வரியாக மாற்றினேன். அவள் சிரித்தாள். நான் சொன்னது இது இல்லை, ஆனாலும் நன்றாக இருக்கிறது என்றாள். கல்யாணமான புதிதில், அரிசி முடிந்துவிட்டது என்று அவள் சொன்னால்கூட அதை வரி பிரித்துச் சொல்லிக் காட்டுவேன். அதற்கும் சிரிப்பாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒருநாள் முதுகு நோகிறது என்று சொன்னவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்ட வாயால வாறதெல்லாம் உங்களுக்குக் கண்ணியா?”

நான் இல்லை என்றேன். அவள் சொன்னதில் எங்கே வரியை உடைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை.

இந்தத் தொடரை எழுதிய அன்று மாசி மாதப் போயா, பௌர்ணமி. எல்லோருக்கும் விடுமுறை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் மொட்டை மாடியில் கூடி, பன்னிரண்டு கண்ணிகளை ஒரே இருப்பில் முடிப்பது என்று ஏற்பாடு. ஒரே இருப்பில் முடிப்பது முக்கியம். இடையில் எழுந்தால் தொடர் செத்துவிடும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

ஹிமாயாவுக்கு அது எட்டாம் மாதம். காலையிலிருந்து தலையிடி. கால் வீங்கியிருந்தது. கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பார்த்து முடியாமல் விட்டிருந்தாள். மாமியும் அஸ்பியாவும் மருதமுனையில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. மாமி போக மனமில்லாமல் இரண்டு தரம் கடப்பால் வந்து பார்த்தார். நான் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மாமி அன்று போனதற்காக இன்றும் தன்னைக் குறை சொல்கிறார். நான் அவரைத் தேற்றுகிறேன்.

ஹிமாயா கீழே அறையில் படுத்திருக்கட்டும், நான் ஏறி இறங்கி அவளிடம் கண்ணி வாங்கி வருகிறேன் என்று ஏற்பாடு செய்தேன். எங்கள் வீட்டு மாடிப்படி வெளியே இருக்கிறது. மேலே போகிறவர்கள் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை. சுஜிந்தனும் ஜெனூபாவும் வந்து நேரே மேலே போனார்கள். நெல் காயவைக்கும் படங்கை விரித்து உட்கார்ந்தோம். கண்ணிகளைப் பதிவதற்கு ஹிமாயாவின் போனை நான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதன் திரை பெரியது. ஜெனூபா மஃரிபு தொழக் கீழே இறங்கவேண்டாம் என்று ஒரு வாளி தண்ணீரும் முஸல்லாவும் மேலே கொண்டு வைத்தேன். அப்போது அது உதவி.

சுஜிந்தன் தொடங்கினான்.

வெட்டி முடிந்த வயல்;
கொக்குகள் இன்னும்
எதையோ தேடுகின்றன.

நான் கீழே போனேன். ஹிமாயா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். ‘வீடு வந்த நெல்மூட்டை மேல் யாரோ விட்டுப்போன தொப்பி’ என்றாள். நான் மேலே போய்ச் சொன்னேன். சுஜிந்தன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஜெனூபா வகுப்பறை வாங்கின் கீழே கிடக்கும் ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொன்னாள். நான்காவது என்னுடையது. கடற்கரைத் தெருவில் ஒரு நாய் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“சரி மச்சான், போவம்” என்றான் சுஜிந்தன்.

மறுபடி கீழே போனேன். அவள் கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது, நெஞ்சுக்குக் கீழேயும் நோகிறது என்றாள். பனடோல் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். கோப்பையில் தண்ணீர் கொடுத்தேன். மிச்சத் தண்ணீரோடு கோப்பையைத் தலைமாட்டில் உள்ள ஸ்டூலில் வைத்தேன். பிறகு நின்றேன். நான் எதற்காக நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

ஊறுகாய்ச் சாடியை
மூடி வைத்தாயிற்று;
இனி வரட்டும்.

அதை நான் திருத்தவில்லை. அதுதான் அவளுடைய கடைசிக் கண்ணி. அட்டையில் போடுவதென்றால் இதைப் போடலாம்.

மேலே ஜெனூபா கேட்டாள். “நானா, ஹிமாயாக்கு எப்பிடி? நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டா?” சும்மா தலையிடிதான், பனடோல் போட்டிருக்கிறாள் என்றேன். ஜெனூபாவின் கண்ணி, வருவதாகச் சொன்னவனுக்காக ஊற்றி வைத்த இரண்டு கோப்பைத் தேத்தண்ணி. அடுத்தது ஏழாவது. நிலாவின் இடம்.

அந்த இடத்தை நான் எனக்கு வைத்திருந்தேன். நடத்துநருக்கு அந்த உரிமை உண்டு. அதற்குள் கடலுக்கு மேலே நிலா வந்திருந்தது. ஜெனூபா தொழுது முடித்து முஸல்லாவை மடித்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

“நிலாவ ஹிமாயாக்குக் குடு மச்சான்” என்றான் சுஜிந்தன். “அவட இடம் அது.”

“ஓம் நானா, அவக்கே குடுங்க” என்றாள் ஜெனூபா. “நீங்க எழுதினா அந்த நிலாவையும் நாய்தான் பாக்கும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடிக்காகச் சொன்னதுதான். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. நான் கீழே இறங்கினேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முந்திய கிளினிக்கில் மருத்துவமாது ஹிமாயாவின் பிரஷரைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் வாங்கில் உட்கார வைத்துச் சொன்னார். தலையிடி, கண் மங்குதல், நெஞ்சுக்குக் கீழே நோ, இதில் ஒன்று வந்தாலும் காலையில் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது, அந்த நிமிஷமே கொண்டு வரவேண்டும். “கேக்குதா தம்பி, உங்களுக்குத்தான் சொல்றன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஓம் என்றேன். எனக்கு நல்ல ஞாபகசக்தி. படிக்கும்போதும் அப்படித்தான்.

அறையில் விளக்குப் போடவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று அவளே வேண்டாம் என்றிருந்தாள். ஜன்னலில் நிலா தெரிந்தது. நிலாக் கண்ணி உனக்கு வந்திருக்கிறது என்று சொன்னேன்.

“நிலா ரெண்டாத் தெரியிது” என்றாள். “எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியிது. கண்ணத் தொறக்க ஏலாம இரிக்கி.”

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமாது சொன்னது ஞாபகம் வரவில்லை என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியரும் நான் சொன்னதை நம்பினார். ஆனால் ஞாபகம் வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் வந்தது. இரண்டு கோப்பை, இரண்டு நிலா. முந்திய கண்ணியோடு அது அவ்வளவு நேராகப் பொருந்தியது. என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. மேலே போய்ச் சொல்லிவிட்டு உடனே இறங்கி வந்து விடலாம் என்று நினைத்தேன். ஏறி இறங்க எவ்வளவு நேரம்.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் ஒருமுறையும் ஆஸ்பத்திரி என்ற சொல்லைச் சொல்லவில்லை. இதை வைத்தியரிடமும் மாமியிடமும் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறேன். அது உண்மை.

அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். படியில் ஏறும்போது வரிகளைச் சரிசெய்தேன். ‘கண்ணைத் திறக்க முடியவில்லை’ என்பது நோய். ‘கண்ணை மூடிக்கொண்டேன்’ என்பது கவிதை. முதலாவதில் யாருக்கோ ஏதோ நடக்கிறது. இரண்டாவதில் அவளே அதைச் செய்கிறாள். மேலே போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நல்ல திருத்தம்தான், இப்போதும் அதில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன்.

சொன்னேன்.

அந்தச் சத்தமின்மை வந்தது. சுஜிந்தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தான். ஜெனூபா நிலாவைப் பார்த்தாள், பிறகு பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடல் மட்டும் கேட்டது. அவர்கள் அவளுடைய பெயரைச் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அது போதும் என்றிருந்தது.

அப்போது ஜெனூபா எழுந்தாள்.

“நான் போய் அவளக் கொஞ்சிட்டு வாறன்” என்றாள். “இப்பிடி ஒண்ட சொல்லிப்போட்டு மனிசி கீழ தனியப் படுத்திரிக்கா.”

நான் யோசிக்க வேண்டியிருந்தது. ஜெனூபா கீழே போனால் அந்தக் கண்ணியைப் பற்றிச் சொல்வாள். ஹிமாயா, நான் அப்படிச் சொல்லவில்லை என்பாள். மேலே வந்து ஜெனூபா என்னைப் பார்ப்பாள். சுஜிந்தனும் பார்ப்பான். நான் நினைத்தது இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

“அவ தூங்கிட்டா” என்றேன். “இப்பத்தான் கண் அசந்த.”

ஜெனூபா உட்கார்ந்தாள்.

எட்டாவது என்னுடையது. சாத்திய கதவுக்கு வெளியே செருப்புகள் காத்திருக்கின்றன என்று சொன்னேன். சுஜிந்தன் அதற்கும் தலையை ஆட்டினான். எனக்கு அது முதல் தடவை. அவன் ஒன்பதாவதை யோசித்துக்கொண்டிருக்கும்போது கீழே ஏதோ விழுந்து உருண்டது. கண்ணாடியில்லை, எவர்சில்வர். தலைமாட்டு ஸ்டூலில் நான் வைத்த கோப்பை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சாமான்.

“கீழ என்ன விழுந்த?” என்றாள் ஜெனூபா.

“பூனையா இரிக்கும்” என்றேன்.

சுஜிந்தன் கையை உயர்த்தினான். வந்துவிட்டது என்றான்.

யாரும் இல்லாத வீட்டில்
கோப்பையை உருட்டுகிறது
பெயர் வைக்காத பூனை.

நான் அதை ஏற்றுக்கொண்டு போனில் பதிந்தேன். ஹிமாயாவின் போன். அந்தக் கண்ணியும் புத்தகத்தில் வருகிறது. எங்கள் வீட்டில் பூனை இல்லை. சுஜிந்தன் இந்த முன்னுரையை வாசிக்கும்போதுதான் அதை அறிவான். அவனுக்கு இது பெரிய பாரம். அதற்காக வருந்துகிறேன்.

முந்தியதற்கு முந்தியதைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி. ஒன்பதாவதில் இருக்கும்போது ஏழாவதை நினைக்கக்கூடாது. அந்த விதியை நான் அன்று மிகச் சரியாகக் கடைப்பிடித்தேன். பத்தாவது வந்தது. பூவின் இடத்தில் ஜெனூபா வேப்பம்பூ வைத்தாள். கடைசிக் கண்ணி என்னுடையது. போனில் பதிந்ததைப் பார்க்காமல் அதை என்னால் சொல்ல முடியாது. முடிந்ததும் மூவரும் கை தட்டினோம். ஜெனூபா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள். நான் என் பங்கைக் குடித்தேன். சூடாக இருந்ததால் ஆற்றிக் குடித்தேன்.

பிறகு கீழே போனேன்.

அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் கிடந்தாள். அதாவது எழும்பியிருக்கிறாள். கதவை நோக்கி வந்திருக்கிறாள். கை கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன. நாக்கைக் கடித்திருந்தாள். நான் கத்தினேன். இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். சுஜிந்தனின் காரில் கொண்டு போனோம். பின் சீட்டில் ஜெனூபா அவளுடைய தலையை மடியில் வைத்து யாசீன் ஓதிக்கொண்டே வந்தாள். நானும் ஓதினேன்.

வைத்தியர் அவசரத்தில் நின்றபடி கேட்டார். தலையிடி எப்போதிருந்து, கண் மங்குகிறது என்று சொன்னாரா. தலையிடி பின்னேரம்தான், கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஜெனூபா பக்கத்தில் நின்றாள். என் பேச்சை மறுக்க அவளுக்கு ஒன்றும் தெரியாது. நிலா இரண்டு என்பதை அவள் கவிதை என்றுதான் கேட்டிருந்தாள்.

பிள்ளையை வெட்டி எடுத்தார்கள். பிள்ளை அழுதது. ஹிமாயா கண் விழிக்கவில்லை. சில நாள் இயந்திரத்தில் இருந்தாள். பிறகு ஒரு மத்தியானம், லுஹர் நேரத்தில் வந்து சொன்னார்கள்.

மையித்தைக் கொண்டு வந்த அன்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என் பிள்ளை ஏதாவது சொன்னாளா மகன், கடைசியாக ஏதாவது சொன்னாளா. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற ஜெனூபா அழுதுகொண்டே அந்த மூன்று வரிகளையும் சொன்னாள். மாமி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதிலிருந்து எனக்கு இந்த வீடு, காலைத் தேத்தண்ணி, வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டிய கைகள் எல்லாம் கிடைத்தன.

நான் இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். மாமியின் ஆறுதலைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது நல்ல காரணம். புத்தகமும் வந்திருக்கும். நிக்காஹும் நடந்திருக்கும். ஆனால் இரண்டு நாளைக்கு முன்பு காலையில், பிள்ளையைக் கொடுக்கப் போனபோது, அஸ்பியா கடப்பில் நின்று கீழே பார்த்தபடி பேசினாள். அவள் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

“எனக்கு ஹிமாயாத் தாத்தா மாதிரியெல்லாம் சொல்ல வராது மச்சான்” என்றாள். அக்காவை அவள் தாத்தா என்றுதான் சொல்வாள். “புள்ளைக்குச் சோறு தீத்த மட்டும்தான் தெரியும். அது காணுமா உங்களுக்கு?”

காணும், அது போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டதை எங்கே உடைத்தால் மூன்று வரியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எனக்கு’ என்பதை எடுத்துவிட்டால் சரியாக வந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அன்று இரவு இதை எழுதத் தொடங்கினேன்.

அஸ்பியா, நீங்கள் இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். போத்தலைச் சுடுநீரில் கழுவ வேண்டும். என் உடுப்புப் பையைக் கட்டி வைத்திருக்கிறேன். சுஜிந்தன், அட்டையில் என் பெயரைப் போடு, அல்லது அந்தக் கண்ணியை எடுத்துவிடு. அவளுடைய பெயரை அதன் கீழே போடாதே. பொலிஸில் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள். என்ன குற்றம் என்று அவர்கள் கேட்டால் இதைக் கொடுங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம். அவள் இன்னும் ஏதோ சொன்னாள் என்று எழுதியிருந்தேன். ஏதோ அல்ல. ஒவ்வொரு சொல்லும் தெரியும். மாடிக்குப் போகும் வழியில் அதைத் திருத்தினேன், வைத்தியரிடம் திருத்தினேன், மாமியிடம் தலையை ஆட்டித் திருத்தினேன். இந்த முன்னுரையிலும் ஆஸ்பத்திரி என்ற சொல் அதில் இல்லை என்று சத்தியம் பண்ணி ஒருமுறை திருத்தியிருக்கிறேன். அவளுக்கு நான் மேலே போவேன் என்று தெரிந்திருந்தது. நான் எப்படிக் கொண்டு போவேன் என்பதும் தெரிந்திருந்தது. கட்டில் விளிம்பிலிருந்து நான் எழும்பியபோது கண்ணை மூடியபடியே என் கையைத் தேடிப் பிடித்தாள். வரி பிரிக்காமல் எழுதுகிறேன்.

“மேல போய் நான் சொல்றத அப்பிடியே சொல்லுங்க, ஒரு சொல்லும் திருத்தாதீங்க. ஹிமாயாக்குக் கண் தெரியிதில்ல, எல்லாரும் கீழ வாங்க எண்டு சொல்லுங்க.”